தூக்கக்கூடிய கணினியும் திறக்கக்கூடிய கணினியும்

என் அன்புத் தங்கச்சி மலருக்கு,

உனக்கு ஒரு அநியாயம் நடந்துவிட்டது. குளத்துக்குக் கீழே யாருடைய வயல் எங்கே முடிகிறது, எந்த வாய்க்கால் யாருக்கு என்று நீ கணினியில் வரைந்து வைத்த படத்தைத் திறக்கவே முடியாத ஒரு கணினியை வாங்க, எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கை உயர்த்தித் தீர்மானித்துவிட்டது.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். உன் பழைய கணினி இப்போது பத்து நிமிடத்தில் அணைந்துபோகிறது. கிளிநொச்சிக் கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று பெரிய பெட்டி. நாலு திருகாணியைக் கழற்றினால் உள்ளே கை போகும். நினைவகம் கூட்டலாம், இன்னொரு வன்தட்டும் பூட்டலாம். உன் வரைபட மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன், ஓடியது. மற்றது மெல்லியது, வடிவானது. உள்ளே எல்லாம் ஒட்டியே வருகிறது. எதையும் கூட்ட வழியில்லை. உன் மென்பொருளை அது ஏற்கவும் இல்லை. அடுத்த வருடம் குளத்தின் இடதுகரை வயல்களையும் படத்தில் சேர்க்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாரி விதைப்புக்கு முன் கூடும் காலபோகக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். தலைவர் சின்னராசா எழும்பினார்.

"அண்ணை, திரும்பவும் சண்டை வந்து ஓட வேண்டி வந்தா உங்கட பெட்டியை ஆர் தூக்கிறது? மற்றதெண்டா கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு போகலாம்."

"அதை ஏத்த அவர் உழவு மெசின் பிடிப்பார். பிறக்கேக்கையே திருகாணியோட வந்த மனிசன்," என்றார் பொருளாளர் பாக்கியம்.

சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி, ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

அவர்களை எனக்கு விளங்காமல் இல்லை. அலுமாரி வாங்கினாலும் முதலில் பாரம் பார்க்கிறவர்கள் நாங்கள். விளங்குகிறது என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

கடைசி இடப்பெயர்வில், உடையார்கட்டில், நீ என்ன செய்தாய்? கணினியைத் தூக்க முடியாது என்றதும் பெட்டியைத் திறந்தாய். படம் இருந்த வன்தட்டை மட்டும் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, இடுப்பில் கட்டினாய். ஒட்டி வைத்த மெசினாக இருந்திருந்தால்? திரும்பி வந்தபோது வரம்பெல்லாம் பற்றைக்குள் கிடந்தது. சின்னராசாவுக்கு அவருடைய வயலைக் காட்டியதே அந்தப் படம்தான்.

"அரிசிப் பையை விட்டிட்டு இதைக் கட்டிக்கொண்டு வந்தவள் எண்டு சனம் சிரிக்கும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணா," என்றாய். அதனால்தான் அன்று கூட்டத்தில் இதைப் பற்றி மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி மூட மாட்டேன். கோபிக்காதே.

மெல்லியதை வாங்குவதாகச் செயலாளர் கடைக்குக் கொடுத்த சொல்லை நிறுத்தி வைக்க வேண்டும். சின்னராசா கூட்டத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். கடைக்காரர் இரண்டு கணினியையும் சபைக்கு முன் வைத்து, உன் படத்தைத் திறந்து காட்ட வேண்டும். பாக்கியம் கைகளை மறுபடி எண்ண வேண்டும். அதற்கு முன் நான் எழும்பி, நீ விட்டுவிட்டு வந்த அந்த அரிசிப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வேன்.

இன்னும் திருகாணியோடு திரியும்
உன் மூத்த அண்ணன்