மூச்சும் பாலும்

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீ கிளம்பிய மறுநாள் சுண்டுவுக்கு மூக்கடைத்தது. ஏழு வாரக் குழந்தைக்குச் சளி பிடிப்பது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டு வாய் குடித்ததும் வாயை எடுத்துக்கொண்டான். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நுரையீரலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறதாம். வைரஸ், அதைக் கொல்ல மருந்து கிடையாது என்றார் டாக்டர். மருந்தே இல்லையென்றால் ஆஸ்பத்திரி எதற்கு என்று இவர் சத்தம் போட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "அவன் உடம்புதாங்க சண்டை போடணும். அது வரைக்கும் மூச்சையும் பாலையும் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

மூக்கில் ஆக்சிஜன். மூக்கு வழியாகவே வயிற்றுக்கு ஒரு குழாய், பால் போக. நர்ஸம்மா அடிக்கடி வந்து சளியை உறிஞ்சி எடுக்கிறார். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. மாடாகிவிட்டேன், சிரிக்காதே.

வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். மாதம் முடியாமல் பிறந்தவன் என்பதுதான் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
சின்னு

ஜூலை 12

என் கண்ணு சின்னு,

உன் கடிதத்தைத் தையல் கடையில் நின்றபடியே படித்தேன். அதற்கு மேல் ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் வீட்டுக்கு வந்த அன்றே எனக்குத் தொண்டை கரகரத்தது. சொன்னால் அவனைத் தூக்க விடமாட்டாய் என்று மாத்திரையைப் பைக்குள் ஒளித்து வைத்துப் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவன் என் தோளில்தானே தூங்கினான். எனக்கு இரண்டு நாள் தும்மலோடு போனது அவனை இப்படிப் படுத்தும் என்று சத்தியமாகத் தெரியாதடி.

டாக்டரிடம் சொல்லிவிடு. என்னைத் திட்டு. நீ வரச் சொன்னால் கதவுக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட்டுப் போகிறேன்.

அக்கா

ஜூலை 24

அக்கா,

இவர் போன் செய்தபோது உடனே கிளம்புகிறேன் என்றாயாம். வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான்.

பக்கத்துக் கட்டில் குழந்தைகளெல்லாம் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டன. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்று டாக்டரும் சொன்னார். சுண்டுவுக்கு மட்டும் மூச்சு நின்று நின்று வந்தது. செயற்கை சுவாசம் வைத்தார்கள். அதில் ஒன்றரை நாள்தான் இருந்தான். அப்புறம் போய்விட்டான். "ரொம்பக் களைச்சுப் போயிட்டான்மா" என்று நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் கடிதத்தை நேற்றுதான் பிரித்தேன். நீ ஒளித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். முதல் நாள் சாயங்காலமே நீ தும்மியதை நான் பார்த்தேன், அக்கா. முந்தானையில் மூக்கைத் துடைத்ததையும் பார்த்தேன். அதற்கு முன் நாலு நாளாக நான் கண் மூடியிருக்கவில்லை. அவனை உன் மடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் தெரியுமா.

டாக்டரிடம் இல்லை என்று சொன்னபோது இவரும் பக்கத்தில் நின்றார். இவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வராதே. கொஞ்ச காலம் எழுதவும் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

சின்னு