கை நனைத்த வீடு

அன்பு மகள் தமிழினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நிலாக்குட்டியும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் குலசாமியை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

அம்மிணி, தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார் என்பது உனக்குத் தெரியும், அவர் பேசி முடித்தபின் எனக்கு மிஞ்சுவது சாப்பிட்டாயா என்று கேட்கிற அளவுதான். அதனால் அவர் தூங்கட்டும் என்று காத்திருந்து, இந்த வீட்டின் சின்னச் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். இத்தனை வயதுக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் புரண்டு படுத்துக் கட்டில் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறேன், பிறகு மறுபடி போட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். காலையில் இங்கே ஆபீசில் இருக்கும் தனப்பிரியா என்கிற பெண்ணிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். நேற்று போனில் அப்பா உன்னிடம், "உங்கம்மாளுக்கு இங்க ஒத்து வரலை சாமி, செவலை மாட்ட நெனச்சே ஏங்கிக் கெடக்கறா, ஞாயித்துக்கெழம ஊட்டுக்குப் போயிடறோம்" என்றார். நீயும் சரியப்பா, காருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அம்மிணி, எனக்கு இங்கே ஒத்து வந்திருக்கிறது. எனக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. இந்த ஒரு வரியை எழுத எவ்வளவு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் ஆசை என்று மட்டும் சொன்னால் போதாது, நல்லதையும் கெட்டதையும் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று நீ நம்ப வேண்டும், அதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இந்த முதியோர் குடியிருப்பில் பத்து நாள் தங்கிப் பாருங்கள், பிடித்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று நீ ஏற்பாடு செய்தபோதே அப்பா மல்லசமுத்திரம் டீக்கடையில் எல்லோரிடமும், மகள் மனது நோகக்கூடாது என்று ஆஸ்டலுக்குப் போகிறேன், பத்தாம் நாள் இதே பெஞ்சில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படிச் சொன்னவர் வரும்போது என்ன செய்தார் தெரியுமா, முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போவதா என்று ஒரு மூட்டை கடலைக்காயும் ஒரு தார் வாழைப்பழமும் காரில் ஏற்றிவிட்டார். விதைக்கு எடுத்து வைத்த நாலு மூட்டையில் ஒன்று, நல்ல முற்றின காய். இங்கே ஆபீசில் அதை இறக்கி வைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தனப்பிரியா பாவம், இருக்க வருகிறவர்களிடம் நாங்கள் எதுவும் வாங்கக்கூடாது, சட்டம் அப்படி, தப்பாக நினைக்காதீர்கள் ஐயா என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மூட்டையைத் திரும்ப எங்கள் வாசலில் இறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "நாம கொண்டு போனத வேண்டாமுன்னு சொன்னவங்க ஊட்டுல கை நனைக்கறதா" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன், இது சொந்தக்காரர் வீடு இல்லை, சாப்பாட்டுக்கு நம் மகள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று. காதில் வாங்கவில்லை. சாப்பாட்டு ஹாலுக்கு வரவே இல்லை. முதல் நாள் முழுக்க வாழைப்பழமும் தண்ணீரும்தான், மறுநாள் காலையும் அதுவே. சர்க்கரைக்காரர் வாழைப்பழமாகத் தின்றுகொண்டிருக்கிறார், நான் மட்டும் போய்ச் சாப்பிட முடியுமா, நானும் பட்டினி. முதல் நாள் ராத்திரியே உனக்குப் போன் செய்து, யாரையாவது உடனே வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல் என்று அழுதுவிடலாம் போல இருந்தது.

அப்போது எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது, அதை உன்னிடம் சொன்னதில்லை. ஒன்பதாவது படிக்க என்னைத் திருச்செங்கோட்டில் ஆஸ்டலில் சேர்த்தார்கள். எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் இருந்தது. சேர்த்த வாரமே, எல்லோரும் தூங்கின பிறகு வராண்டா விளக்கடியில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று எங்கப்பாவுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்த அன்றே வந்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன். வாசல் தாண்டும்போது பக்கத்துப் பாயில் படுக்கும் பெண் நல்லம்மாள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள், அவளிடம் அன்றைக்குக் காலையில்தான் பேச ஆரம்பித்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் பயம் தெளிந்திருக்கும் என்று அப்போதே தோன்றியது. எங்கப்பா மேல் குறை இல்லை, மகள் கூப்பிட்டாள், வந்தார். அதனால்தான் அம்மிணி, அன்று ராத்திரி உனக்குப் போன் செய்யாமல் படுத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட வரவில்லை என்று நாலாவது வீட்டு ரங்கன் அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவராம். இரண்டு முழங்காலும் போய்விட்டது, அதைக் கேட்டால் இஞ்சின் நல்லாத்தான் இருக்குது, ஆக்சில் போச்சு என்பார். கூடவே பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவும் வந்தார், அவர் கெங்கவல்லிக்காரர். நான் அடங்கின குரலில் சங்கதியைச் சொன்னேன். ரங்கன் அண்ணன் சிரிக்கவில்லை. நேராக வாசலில் கிடந்த மூட்டைக்குப் போய்க் கட்டை அவிழ்த்து, ஒரு கை அள்ளி உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பாவாயி அக்கா தன் வீட்டுக்குப் போய் வெல்லம் எடுத்துவந்து, பல் இல்லாததால் கடலையையும் வெல்லத்தையும் என் மிக்ஸியில் போட்டுப் பொடித்துச் சாப்பிட்டார். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ரங்கன் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு, "ஏனுங்க, ஆபீசுக்காரங்க வாங்காட்டிப் போறாங்க, அவுங்க சாயந்தரமானா அவுங்கவுங்க ஊட்டுக்குப் போறவங்க. இங்க ஊட்டுக்காரங்க நாங்கதான். உங்க காயத் தின்னாச்சு. இனி நீங்க கை நனைக்காட்டிக் கொறச்சல் எங்களுக்குத்தானுங்க. எந்திரிங்க, ரசம் ஆறுது" என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த ரசத்தை மூன்று தரம் வாங்கினார், பசி அவ்வளவு.

மிச்சக் கடலையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஆடியில் விதைக்க வேண்டும், மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், கையால் உடைத்தால்தான் முளைப்பு வரும் என்று அப்பா சொல்ல, உடைப்பதற்கு எங்களுக்கு என்ன கேடு என்றார்கள். இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் முறம் முறமாகக் கடலை உடைக்கிறோம். அப்பாதான் மேஸ்திரி. ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர் நைந்த பருப்பையும் நல்ல பருப்போடு போட்டுவிட்டார் என்று அவரை அதட்டுகிறார், அவரும் நாளைக்கு ஒழுங்காக உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நம் தோட்டத்தில் இத்தனை வருடம் என்னையும் தோட்டத்து வேலைக்கு வரும் அன்புவையும் தவிர அதட்ட ஆள் இல்லாமல் இருந்தவருக்கு இங்கே ஒரு பட்டாளமே கிடைத்திருக்கிறது. இதெல்லாம் உன்னிடம் போனில் சொல்லவே மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல மாட்டார். குளிக்கும் அறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது, விழுந்தால் இழுக்க வேண்டியது. இவர் அதைத் துண்டு போடும் கொடி என்று நினைத்து ஈரத்துண்டைப் போட்டு இழுத்துவிட்டார். மணி அடித்து நர்ஸ் பெண்ணும் இரண்டு ஆட்களும் ஓடிவந்து கதவைத் தட்ட, இவர் சோப்பு நுரையோடு உள்ளே நின்று, குளிப்பதற்குக்கூடச் சாட்சி வேண்டுமா என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மிணி. தை மாதம் அப்பா கட்டுத்தரையில் சின்னதாக வழுக்கினார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது சின்னது இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தார். என்னால் தூக்க முடியவில்லை. சத்தம் போட்டால் கேட்க யாரும் இல்லை, அன்பு சந்தைக்குப் போயிருந்தான். தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்துப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பால் வண்டிக்காரர் வரும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கயிற்றை இழுத்ததும் ஓடிவந்த மூன்று பேரையும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். களி கிண்டத் தெரியவில்லை, கேட்டால் ஞாயிறு ஒரு நாள் செய்கிறோம் என்கிறார்கள். யாராவது பார்க்க வந்தால் உடனே இலை போட முடியாது, காலையிலேயே சமையல்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும், இதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். குழந்தைச் சத்தமே கேட்காது. நாங்கள் வந்த பிறகு ஒரு ராத்திரி பின்வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது, மறுநாள் சாப்பாட்டு ஹாலில் ஜன்னலோர நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அத்தை மாரக்காள் போனில், பெற்றவர்களை ஆஸ்டலில் தள்ளிவிட்டு மகள் சீமையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊர் பேசும் என்றாள். பேசட்டும், இரண்டு அமாவாசை பேசுவார்கள், அப்புறம் வேறு யாராவது கிடைப்பார்கள். நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நிலத்தை விற்க வேண்டியதில்லை, விளைச்சலில் பாதி என்று அன்பு வாரத்துக்குப் பார்த்துக்கொள்வான், இங்கிருந்து அப்பா பஸ்ஸிலேயே போய்வரலாம். செவலையை அவன் பெண்டாட்டி கறப்பாள். செவலையை நினைத்து ஏங்குகிறேன் என்றாரே, உண்மையைச் சொன்னால் விடியுமுன் எழுந்து பால் கறக்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய விடுமுறையாக இருக்கிறது. இங்கே காலையில் ஒரு பெண் வந்து, அம்மா உங்களுக்குக் காப்பியா டீயா என்று கேட்கிறாள். முதல் நாள் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, எனக்கு டீதான் பிடிக்கும் என்று இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். பாவாயி அக்காவோடு சாயங்காலம் நடந்தால் சங்ககிரி மலை தெரிகிறது. கதவுக்கு இரண்டு சாவி, ஒன்றை என் முந்தானையில்தான் முடிந்து வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார் அம்மிணி. விளக்கை அணைக்க நேரமில்லை, கதவைத் திறந்துகொண்டு நின்றார். தண்ணீர் குடிக்க வந்தாராம். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அம்மிணிக்குத்தானுங்க. எனக்கு இங்கயே இருக்கோணுமுன்னு எழுதறேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்கு இது வேண்டும் என்று நான் நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மூட்டை நாளைக்குக் காலியாயிரும். அன்புக்குப் போன் போட்டு மிச்சம் மூணு மூட்டையும் இங்கயே கொண்டாந்து எறக்கச் சொல்லு. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிக்கோணுமல்ல" என்றார். சரிங்க என்றேன். போகும்போது திரும்பி, "ஊருக்குள்ள கேட்டா உனக்காவத்தான் இருக்கறேன்னு சொல்லிப்போடுவேன்" என்றார். அப்படியே சொல்லட்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. சேருவதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நீயும் அப்பாவும் பேசிக்கொள்ளுங்கள், நான் எழுதுவது அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, ஆனாலும் படித்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் அவர் சொல்வதையே முதலில் கேட்பது போலக் கேள். நிலாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே, மாப்பிள்ளையை ராத்திரி தயிர் சாப்பிட வேண்டாம் என்று சொல். லீவில் மூன்று பேரும் வாருங்கள், சமையல்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், அவருக்குக் களி கிண்டவும் அதற்குள் கற்றுக் கொடுத்திருப்பேன். எங்களைப் பார்க்க வா சாமி. கூட்டிக்கொண்டு போக வராதே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் இரண்டு பேருடைய ஆசிகள்.

உன் அம்மா,
சி. வள்ளியாத்தாள்