பளபளத்த இடங்கள்

கல்பாக்கம்,
மார்ச் 2007

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் மாண்டலினுக்குப் புதுக் கம்பி மாட்டி அனுப்பச் சொன்னாய். அளவு காட்டப் பழைய கம்பிகளைக் கழற்றிச் செங்கல்பட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். கடல் அவரைக் கொண்டுபோன அன்றிலிருந்து பெட்டி பூட்டியே இருக்கிறது, சாவி என்னிடம்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் கம்பியை வெளிச்சத்தில் பிடித்தார். “உப்புக் காத்துக்கு முழுசா துரு புடிச்சிருக்கணும்மா. விரல் வைக்கிற எடம் மட்டும் பளபளன்னு கீது. தெனம் யாரோ வாசிச்சிகினு கீறாங்க.”

பழைய கம்பிகளைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

“மெல்லிசா, தடியா?” என்றார். அப்பா மெல்லியதுதான் கேட்பார். அதையே வாங்கிவந்து மாட்டினேன்.

மாண்டலினை அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பெட்டியையும் இனிப் பூட்டமாட்டேன். இத்தனை நாள் அந்தப் பூட்டோடு அப்பா என்ன பாடுபட்டாரோ.

உன் அம்மா