கட்டிலடிப் பாய்க்கு அனுமதி கோரி

அனுப்புநர்:
யோவானி வலுசிம்பி,
(நோயாளி நம்பூசியின் தாய்மாமன்)
லுக்கோமா, உகாண்டா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
லுக்கோமா திறன்மிகு மருத்துவமனை.

பொருள்: எலும்பு முறிவு வார்டில் நோயாளிக்குத் துணையிருப்போரை மீண்டும் அனுமதிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மருத்துவமனையின் புகழ் நைல் நதியைவிட நீளமானது. கட்டில் நாடி பார்க்கிறது. கூரை மூச்சை எண்ணுகிறது. நோயாளி விழுந்தால் தரையே அலறுகிறது. இவ்வளவும் ஓர் ஆராய்ச்சிக்காக என்றறிந்து எங்கள் ஊரே நோய்வாய்ப்பட ஆசைப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐயா, எங்கள் வழக்கத்தில் நோயாளி தனியாகப் படுப்பதில்லை. வேகவைத்த மட்டோகே வாழைக்காயைப் பிசைந்து ஊட்டவும், உடம்பு துடைக்கவும், மலச்சட்டி பிடிக்கவும் வீட்டார் ஒருவர் கட்டிலடியில் பாய் விரித்துப் படுப்பார். இதைத் தங்கள் தரைக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. துணையாள் தலைசாய்த்த போதெல்லாம் நோயாளி விழுந்துவிட்டதாக அது அலறியது. பக்கத்து ஏரியிலிருந்து முதலைகள் கரையேறி வந்து என்ன சேதி என்று விசாரித்துப் போயின.

அதற்குத் தீர்வாகத் துணையாட்கள் வெளியேற்றப்பட்டார்கள். அலறல் அடங்கியது. இனி இங்கே விழுவோரே இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் அறிக்கை வாசித்தார்கள். அதுவரை விழுந்ததாக எண்ணப்பட்டவர்கள் பாயில் படுத்த எங்கள் வீட்டுப் பெண்கள்தாம் என்பதை அவர்கள் கேட்டறியவுமில்லை.

மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை முறிந்து அறுவை முடிந்து கிடக்கும் என் அக்காள் மகள் நம்பூசி, கடந்த திங்கள் மதியம் மலச்சட்டிக்காக அழைத்திருக்கிறாள். வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர். அவருக்கும் இரண்டே கைகள். பொறுத்துப் பார்த்தவள் தானே இறங்கினாள், விழுந்தாள். தரை கடமை தவறாமல் அலறியது. மறுகோடியில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பாமலே சொன்னாராம்:

"மறுபடியும் யாரு திருட்டுத்தனமா பாய் விரிச்சது? எழுந்து வெளிய போம்மா. என் வேலைக்கு உலை வைக்காத."

"பாய் இல்ல சிஸ்டர், நான்தான் விழுந்துட்டேன்" என்று அவள் சொன்னது, அந்த அலறலில் யார் காதையும் எட்டவில்லை.

பொருத்திய எலும்பு மீண்டும் பிரிந்துவிட்டது. வெள்ளியன்று மறு அறுவை என்கிறார்கள். இம்முறையும் கூடாவிட்டால் அவள் நடப்பது சந்தேகமாம். இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

சிஸ்டரைத் தண்டிக்க வேண்டாம். இயந்திரத்தோடும் எனக்குப் பகையில்லை. மறு அறுவை முடிந்து நம்பூசி கண் விழிக்கும் முன் அவள் தங்கை நபக்கூசாவை அந்தக் கட்டிலடியில் படுக்க விடுங்கள். அவள் யாரென்று தரைக்குப் புரியும்வரை அது அலறினால் அலறட்டும். அலறும்போது எழுந்து பார்க்க அங்கே ஒருத்தி இருப்பாள்.

தங்கள் ஆணைக்காக வாயிலில் காத்திருக்கும்,
(ஒப்பம்) யோ. வலுசிம்பி

இடம்: லுக்கோமா
நாள்: 14.08.2024