இல்லைக்கு ஒரு ஆமா

1906 அக்டோபர் 22, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆற்றில் செந்தண்ணீர். பாலத்தில் வண்டிகளை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார்கள். குடைக்கம்பி ஒன்று முறிந்தது. கல்லூரிக்குத் தாமதம், யாரும் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு மேல் வழக்கமான வகுப்பு. எஃப்.ஏ. வகுப்புப் பையன்களில் இங்கிலீஷ் எழுத வராதவர்களைத் தேற்றிவிடும் வேலை என்னுடையது. மற்ற உபாத்தியாயர்கள் இதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி. இன்றைய நோயாளிகள்:

— 'மை அங்கிள் அவர்கள்' என்று மரியாதை சேர்த்த ஒருவன்.

— மழை பெய்யோ பெய்யென்று பெய்ததைச் சொல்ல 'ரெயின்' என்பதை மூன்று தரம் அடுக்கிய இன்னொருவன்.

— லீவு விண்ணப்பத்தின் அடியில் 'ஐ கோ அண்ட் கம்'. "ஏலே, இதை ஏன் எழுதுதே?" என்றேன். "போறேன்னு மட்டும் எப்படி சார் சொல்ல? நல்லா இருக்காதுல்லா." அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஞானமுத்துவுக்கு மட்டும் இனி வைத்தியம் தேவையில்லை. உடன்குடிப் பக்கத்துச் சர்ச் உபதேசியார் மகன். ஜூனில் அவன் தாள் முழுக்கச் சிவப்பு மைதான். போன வாரக் கல்லூரித் தேர்வில் ஆற்று வெள்ளம் பற்றி எழுதியிருக்கிறான், கை வைக்க இரண்டே இடம். சந்தோஷம். அவனிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

சிவப்பு மை வாங்க வேண்டும்.

23, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. தொண்டைக் கட்டு. சுக்கு.

மத்தியானம் தமிழ்ப் பண்டிதர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேட்டீரா வே? ஒம்ம ஞானமுத்து கட்டுரையைக் காப்பி அடிச்சேன்னு பிரின்சிபால் துரைகிட்ட ஒத்துக்கிட்டானாம். டிசம்பர் பரீட்சைக்கு அனுப்புத பட்டியல்ல அவன் பேரு இல்லை."

ஜூனில் அப்படி எழுதியவன் அக்டோபரில் இப்படி எழுதினால் எவருக்கும் சந்தேகம் வரும். துரைக்கும் வந்திருக்கிறது. நியாயம்தான்.

ஞா. வராந்தாவில் தூணோடு தூணாக நின்றிருந்தான். கண் சிவந்து.

"நான் ஒத்துக்கிடலை சார். பாத்து எழுதலைன்னுதான் சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். இந்த வருசம் எழுதலைன்னா எங்க அய்யா படிச்சது போதும்னுருவாக."

துரை பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் இவன் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கோபம் வந்தது. "போலே" என்றேன். போனான்.

24, புதன்

வகுப்புக்கு நாலு பேர். ஞா. வரவில்லை. ஒருவிதத்தில் நிம்மதி. சிவப்பு மை வாங்க மறந்தேன்.

சாயங்காலம் வீட்டில் விளக்கு மங்கலாக எரிந்தது. "மண்ணெண்ணெய் வாங்கலையா?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி: "ஆமா." பிறகு, "இந்த மழைல யாரு போவா? நீங்க வாரப்ப வாங்கிட்டு வந்தா என்னவாம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனபிறகுதான் உறைத்தது. வாங்கவில்லை என்பதற்கு ஆமா என்றாள். எனக்கும் புரிந்தது. ஊரில் எவருக்கும் புரியும். துரைக்குப் புரியுமா?

மண்ணெண்ணெய் வாங்காமலே திரும்பி வந்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

25, வியாழன்

காலையிலேயே விடுதிக்குப் போய் ஞா.வை எழுப்பினேன். துரை கேட்டதை எழுத்துப் பிசகாமல் சொல்லச் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னான். 'இதை எங்கிருந்தும் பார்த்து எழுதவில்லையே?' என்பது கேள்வி. பதில், 'எஸ் ஸார்'. துரை மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் 'எஸ் ஸார்', இன்னும் உரக்க.

நம் கணக்கில் அது, ஆமாம், பார்த்து எழுதவில்லை. அவர்கள் கணக்கில், ஆமாம், பார்த்துத்தான் எழுதினேன். 'நோ' என்றிருக்க வேண்டும்.

"நோன்னா துரை சொல்லுதது தப்புன்னு ஆயிராதா சார்? மொகத்துக்கு நேரே எப்படிச் சொல்ல?"

பன்னிரண்டு வருஷமாகக் காலம், வேற்றுமை, நிறுத்தக்குறி எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். இதை ஒருவனுக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. செவ்வாயன்று அவனை விரட்டியது மனசைக் குத்துகிறது.

துரை இன்று பாளையங்கோட்டையில் இல்லை. பட்டியல் நாளைத் தபாலில் சென்னைக்குப் போகிறது.

26, வெள்ளி

வெயில். பாலத்தில் நடந்தபடியே பேச வேண்டியதை இங்கிலீஷில் ஒத்திகை பார்த்தேன். எதிரே வந்த மாட்டுக்காரன் ஒதுங்கிப் போனான்.

துரை உட்காரச் சொன்னார். சொன்னேன். தடங்கலே இல்லை, என் காதுக்கே நன்றாக இருந்தது. அவர் நம்பவில்லை. சின்னப் பள்ளிக்கூடத்துப் பையன் என்றால் சரி, கல்லூரி வரை வந்தவனுக்கு எஸ்ஸுக்கும் நோவுக்கும் வித்தியாசம் தெரியாதா என்றார். நீர் உம் மாணவனுக்காகப் பேசுகிறீர், அது இயல்பு என்றார்.

பிறகு கட்டுரையைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: "நீரும் இதில் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லையே?"

"எஸ் ஸார்" என்றேன். நெஞ்சார.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. காது மடலெல்லாம் சூடு. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் சிரிக்கவில்லை. அதே கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதுபோல் மெதுவாக இன்னொரு தரம் கேட்டார். "நோ ஸார்." தலையசைத்து, பட்டியலை எடுத்து, கடைசியில் ஞா. பெயரை எழுதினார். நான் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

மண்ணெண்ணெய் வாங்கினேன்.

27, சனி

பட்டியல் பலகையில். பண்டிதர்: "என்ன மாயம் வே பண்ணினீரு?" தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினேன்.

ஞா. வந்தான். சிரிப்பும் அழுகையுமாக, வாய் கொள்ளாமல். எனக்கும் கண் கலங்கியது, மூக்கைச் சிந்திச் சமாளித்தேன். போகிறவன் வாசலில் நின்று திரும்பினான்.

"துரை ரொம்பக் கறாராச்சே சார். எனக்காவப் போயி, நீங்க ஒண்ணும் தப்பாப் பேசிரலையே?"

"ஆமா" என்றேன்.

இங்கிலீஷ் கணக்கில் பார்த்தால், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன்.