மீன் வலைக்குள் விழுந்த கோல்

கேப்டனுக்கு,

இன்று காலை மழை விட்டதும் கழனிப் பக்கம் போனேன். பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடு நுழையாமலிருக்கக் கத்தரிச் செடிகளைச் சுற்றிப் பழைய மீன் வலையைக் கட்டியிருக்கிறார். நனைந்த வலையிலிருந்து, நூல் மக்காமலிருக்க ஏற்றும் பட்டைச் சாயமும் மீனும் கலந்த அந்த வாடை கிளம்பி நேராக மூக்கில் ஏறியது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்று கத்தரிக் கொல்லை ஓரத்தில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். உனக்கும் அதுதான் பிடிக்கும்.

புதுச்சேரிக் கல்லூரியில் நாம் பந்தாடிய கடைசி வருஷத்தை நினைத்துக்கொள். அணியில் முக்கால்வாசிப் பேர் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து நெல்லு, கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கோல் காக்க நீ. நரம்பைக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். உன்னைக் கேப்டன் ஆக்கியபோது, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆட்டம் ஆட்டமாக நாம் ஜெயித்துக்கொண்டே போனதும் அந்த வாய்கள் தாமாக மூடிக்கொண்டன. கடைசியாக மிச்சமிருந்தது புதுச்சேரிப் பட்டணத்துக் கிளப்போடு ஒரே ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை.

கல்லூரி மைதானத்தை அந்தச் சமயம் பார்த்துச் சிப்பாய்களின் அணிவகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த எங்கள் பாகூர்க் கழனியைத்தான் நாம் செதுக்கி மைதானமாக்கினோம். சவுக்குக் கழி நட்டுக் கோல் கம்பம் ஆயிற்று. கம்பத்துக்குப் பின்னால் வலை இல்லாவிட்டால் ஆட்டம் செல்லாது என்று ஆட்டத்தை நடத்துகிற கமிட்டி சொல்லிவிட்டது. உன் நைனா தம்முடைய வலைகள் இரண்டைத் தலையில் சுமந்து வந்து, இரண்டு பக்கமும் தம் கையாலேயே கட்டினார். அவர் போட்ட முடிச்சை நான் இழுத்துப் பார்த்தேன். மாடு கட்டலாம், அவ்வளவு உறுதி.

கிளப்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கேப்டன் பட்டணத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை. இறங்கியதுமே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"இந்த நாத்தத்துல இன்னா ஆட்டம்? கழட்டச் சொல்லு. எங்க வலை கார்ல இருக்குது" என்றான்.

முசே என்று நாம் கூப்பிடும் நம் விளையாட்டு ஆசிரியர், ஒரு வலைக்காக எதற்கு வம்பு என்று உன் காதோரம் வந்து சொன்னார். சோரியாங்குப்பத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வரப்பில் குந்தியிருந்த உன் நைனா எழுந்து வந்தார்.

"வுடுப்பா. நான் அவுத்துத் தூக்கினு போயிடறேன். நீங்க ஆடுங்க."

அவர் கை முடிச்சுக்குப் போனது. நீ அந்தக் கையைப் பிடித்தாய். உன் முகத்தை நான் அப்படி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இருக்கட்டும் நைனா. நீ போய் குந்து."

பிறகு வக்கீல் வீட்டுப் பிள்ளையிடம் போனாய். "ஒரு பக்கம் உங்க வலை கட்டிக்கோ. இன்னொரு பக்கம் எங்க வலை. பாதி ஆட்டம் அங்க, பாதி ஆட்டம் இங்க. உனுக்கும் நாயம், எனுக்கும் நாயம்."

நடுவராக வந்திருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரருக்கு முசே அதை மொழிபெயர்த்துச் சொன்னார். வலை என்றால் வலைதானே என்று அவர் விசிலை ஊதிவிட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

முதல் பாதியில் உன் நைனா வலைக்கு முன்னால் நீ நின்றாய். அவர்கள் பூட்ஸ் காலோடு வந்து முட்டினார்கள். கட்டாந்தரையில் விழுந்து விழுந்து உன் முழங்கை இரண்டும் தோல் உரிந்து போயின. அந்த வலைக்குள் ஒரு பந்தும் போகவில்லை.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். இப்போது மீன் வலைக்கு முன்னால் அவர்களுடைய கோல்காரன். வாடை தாங்காமல் ஓரடி, இரண்டடி என்று முன்னால் வர ஆரம்பித்தான். நேரம் ஆக ஆக, கோலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி பாதிக் கழனிக்கு வந்து நின்றுகொண்டான். அவனுடைய ஆட்களில் ஒருவனும் அவனைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும்.

நீ பந்தைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டாய். "டேய், அவன் எங்க நிக்கிறான் பாத்தியா?"

நான் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் உதைத்துவிட்டாய். வெறுங்கால் உதை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், அவனுக்கு முன்னால் தரையில் குத்தி, அவன் தலையைத் தாண்டி எகிறிற்று. அவன் திரும்பி ஓடினான். ஓடி என்ன செய்ய? பந்து உன் நைனா வலையில் போய்ப் படுத்துக்கொண்டது. கூட்டம் கழனிக்குள் இறங்கிவிட்டது. உன் நைனா மட்டும் வரப்பிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் அப்படித்தான் முடிந்தது.

ஆனால் அவர்கள் கமிட்டிக்குப் புகார் எழுதினார்கள். வலை நாறியதால் கோல்காரன் தன் இடத்தில் நிற்க முடியவில்லையாம், ஆகவே அது ஆட்டமே இல்லையாம். கமிட்டியும் வெட்கமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டு, பட்டணத்தில் வெள்ளை வலை கட்டி மறுபடி ஆடச் சொன்னது. மறுபடி ஆடினாலும் நாம் ஜெயித்திருப்போம். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"நாறுச்சின்னுதான எழுதினாங்க? கோல் வுழலன்னு எவனும் எழுதலியே. ஆடி முடிச்ச ஆட்டத்த நான் மறுபடி ஆட மாட்டேன்" என்றாய்.

கல்லூரி உன்னைக் கேப்டன் பதவியிலிருந்து எடுத்தது. முசே அந்தப் பதவியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமாக வந்தார். வில்லியனூர்க்காரன் வீட்டில் கரும்பு வெட்டு என்றான். இன்னொருவன் கால் சுளுக்கு என்றான். எந்தக் கால் என்று முசே கேட்க, "ரெண்டும்தான் முசே" என்றான். என்னிடம் வந்தபோது நான் சாக்குச் சொல்லவில்லை. "எங்களுக்குக் கேப்டன் இருக்கான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

குறித்த நாளில் கிளப்காரர்கள் ஆளில்லாத கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டார்கள். நாம் எல்லாரும் அன்று உன் வீட்டில் வரிசையாக உட்கார்ந்து மீன் குழம்பு தின்றோம். கடலுக்குப் போகிற வீட்டில் சாப்பிட்டதற்காக எங்கள் வீடுகளில் வாங்கிய திட்டு தனிக்கதை.

போன வாரம் அந்த வக்கீல் வீட்டுப் பிள்ளை, இப்போது அவரே பெரிய வக்கீல், உன் சாவுச் செய்தி கேட்டு என்னைத் தேடி வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நல்ல ஆட்டக்காரன். பிடிவாதம்தான் கெடுத்துச்சு. அன்னிக்கு வந்து ஆடியிருந்தா கோப்பை உங்களுக்குத்தானே?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வக்கீலய்யா, பாகூர்ல அன்னிக்கு எத்தினி கோல்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப?"

"எத்தினி?"

"ஒண்ணு."

"யாருக்கு?"

அவர் காரில் ஏறிக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

போகட்டும். பட்டணத்தில்தானே இருக்கிறார், எங்கே போய்விடுவார்? தேர்த் திருவிழாவிலோ கோர்ட்டு வாசலிலோ கல்யாண வீட்டிலோ எங்கே பார்த்தாலும், நாலு பேர் நடுவில் நிறுத்தி அதையே கேட்பேன். அவர் வாயால் உன் பேரைச் சொல்கிற வரைக்கும் விடமாட்டேன்.