அம்மாவின் ரிங்டோன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு, சுருட்டி வைத்துக்கொள்ளாமல் ஆட்டிக்கொண்டே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்கலாம் என்றால், எங்கள் நம்பர்களுக்கெல்லாம் தடையுத்தரவு போட்டுவிட்டாய். அதனால்தான் தபால். என் கையெழுத்தைப் படிப்பதே உனக்குத் தண்டனை.

உன் கோபம் எதற்கென்று தெரியும். போன வாரம் நீ கூப்பிட்டபோது அப்பா எடுக்காமல் கட் செய்துவிட்டார். உன் கல்யாண விஷயத்தில் அவரும் கோபக்கார அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். முழுக் கதையையும் கேள். குற்றவாளி நான்தான். ஆனால் மாலை போட்டுப் பாராட்ட வேண்டிய குற்றம்.

அம்மா நகராட்சி உறுப்பினரானது உனக்குத் தெரியும். பதவியேற்கும்போது 'கடவுள் பெயரால்' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். அப்பாவுக்குத்தான் கடவுளோடு பேச்சுவார்த்தையே கிடையாதே, "உளமாரன்னு சொல்லு, உளறாம முடிச்சிடலாம்" என்றார். அம்மா கேட்பாளா? கடவுளைத்தான் கூப்பிட்டாள். பள்ளிச் சீருடைகளைத் தைத்தபடியே, மெஷினை மிதிக்கும் தாளத்தில் ஒத்திகை பார்த்தாள்: "அச்சமும் சார்பும் இல்லாமல், விருப்பும் வெறுப்பும் இல்லாமல், எல்லா மக்களுக்கும் அரசியல் சாசனப்படி..." ஒரு தடவை சாசனம் ஆசனமாகிவிட்டது. விடுவேனா? எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துவைத்திருந்தேன். போன வாரம் ஒருநாள் காலை, அதை அப்பாவுக்குத் தெரியாமல் அவர் போனில் ரிங்டோனாக வைத்தேன்.

அன்று மாலைதான் மைக் மாமா வந்தார். நம் வழிபாட்டுக் கூடத்துச் செயலாளர். கையில் மைக் இல்லாவிட்டாலும் மைக்கில் பேசுகிறவர். கூடவே நாலு பெரிய மனிதர்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய கிடங்கில் பிரார்த்தனைக் கூடம் வைக்க, அத்தானின் மதத்தார் அனுமதி கேட்டிருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரிதான். மறுநாள் வாக்கெடுப்பு. அம்மா எதிர்த்துக் கை தூக்க வேண்டுமாம். "உன் பொண்ணையே கொண்டுபோனவங்கம்மா அவங்க! கடவுள் பேரச் சொல்லித்தானே பதவி ஏத்த? அவருக்காக இதக்கூடச் செய்ய மாட்டியா?" என்றார்.

அம்மா குனிந்தபடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் காது இருந்தும் நூல் நுழையவில்லை.

அப்போது பார்த்து நீ கூப்பிட்டாய். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து, டக டக மெஷின் சத்தத்தோடு அம்மாவின் குரல்: "அச்சமும் சார்பும் இல்லாமல், விருப்பும் வெறுப்பும் இல்லாமல்..." மைக் மாமா அம்மாவின் வாயைப் பார்க்கிறார், வாய் மூடியிருக்கிறது! அப்பா பதறிப்போய், எதை அமுக்குகிறோம் என்று தெரியாமலே அமுக்கினார். உன் அழைப்பு செத்தது இப்படித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இன்றைக்கு முதுகு பழுக்கப்போகிறது என்று நினைத்தேன். அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அண்ணே, அவர் பேரச் சொன்னதாலதான் என்னால முடியாது. எல்லாரையும் ஒண்ணா நடத்துவேன்னு அவரையே சாட்சி வச்சுச் சொல்லிட்டேன். இப்ப மாத்தினா அவரைப் பொய்ச்சாட்சி ஆக்கின மாதிரி ஆயிடாதா?" மைக் மாமா இல்லாத மைக்கை அணைத்துவிட்டு, நாலு பேரோடும் கிளம்பினார்.

மறுநாள் அம்மா ஆதரித்துத்தான் கை தூக்கினாள். அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. வழிபாட்டில் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அம்மாதானே? அதை இப்போது வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அம்மா போகாமல் இருப்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் எனக்கு மட்டும் கேட்கும்படி பாடுகிறாள். நகராட்சிக்குள் மனசாட்சி நுழைந்தால் இதுதான் சம்பளம் என்று கேலி பண்ண நினைத்தேன். அதற்குப் பதில் நானும் அவளோடு சேர்ந்து பாடிவிட்டேன்.

இனிதான் விஷயம். நேற்று அம்மா திடீரென்று, "உங்க அக்கா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணினப்ப சாட்சிக் கையெழுத்து யாரு போட்டாங்க?" என்று கேட்டாள். அந்த ஆபீசுக்கு எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் என்றேன். "யாரு எவருன்னே தெரியாத ஆளா?" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் துணியே இல்லை.

தூங்கப் போகும் முன், "அந்தப் பையன் ஒல்லியா, குண்டா?" என்று சுவரிடம் கேட்பதுபோல் கேட்டாள். "தோள் அளவு தெரிஞ்சா ஒரு சட்டை..." என்று இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்று முடித்தாள். வெட்டு மேஜையில் இன்னும் வெட்டாத வெளிர்நீலத் துணி ஒன்று இருக்கிறது. அது எந்தப் பள்ளிச் சீருடையும் இல்லை.

இந்த உறைக்குள் சுருண்டு கிடப்பது பாம்பில்லை, பயப்படாதே. அம்மாவின் இன்ச் டேப். சுட்டது நான். அம்மா காலையிலிருந்து அதைத் தேடுகிறாள். தேடுவதுபோல் நடிக்கிறாள் என்பதுதான் சரி. ஏனென்றால் உறை புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கூட ஒரு ஸ்டாம்ப் ஒட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அளவை எழுதி அனுப்பாதே, உன் கணக்கை அம்மா நம்ப மாட்டாள். டேப்பையும் தபாலில் போடாதே, தொலைந்துவிடும். அத்தானோடு நேரில் கொண்டு வா. பள்ளி திறப்பதற்குள் வந்துவிடு அக்கா. டேப் இல்லாமல் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சீருடையில்லாமல் நிற்கும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் இருவரும் வந்து இறங்குவதற்குச் சாட்சியாக வாசலிலேயே நிற்கப்போகும்
வாலு